நோ நிண்டா கல்லு போயிட்டெண்டு இல்ல – மட்டக்களப்பு போய் வந்த அனுபவம்

இந்த முறை லண்டன்ல இருந்து ஊருக்குப் போனது ஒரு கலியாண வீட்டுக்கு, ஆனா லீவுல பாதி ஆஸ்பத்திரி, லாப், ஸ்கேன் எண்டே போயிட்டு. மட்டக்களப்புப் பக்கம் ஆரும் சொந்தக்காரருக்கு கிட்னியில கல்லு எண்டு சொன்னா இதைக் கட்டாயம் வாசிச்சுப் பாருங்க, அங்க வசதி இல்லாம இல்ல, வசதிக்கும் நோயாளிக்கும் இடையில ஒரு ஓட்டை இரிக்கி, அதுக்குள்ளதான் கன பேர்ட கிட்னி போகுது.

மச்சான் பெரியபோரதீவில இரிக்கார், வயல் செய்றவர். சிறுபோக வேலை நேரம் அள்ளையில குத்தத் தொடங்கி கவட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிரிக்கி, நிக்கவும் ஏலா, படுக்கவும் ஏலா, சத்தி வேற. ஒரு பிரைவேட் இடத்துக்குக் கொண்டு போக ஊசி அடிச்சு, ஸ்கேன் எடுத்து, குளிசை குடுத்து, தண்ணி நல்லாக் குடிங்க எண்டு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாள்ல நோ நிண்டிட்டு. கல்லு சலத்தோட போயிட்டு எண்டு மனிசன் மறுகா வயலுக்கு இறங்கிட்டார்.

நான் போன பிறகு மாமி அலுமாரிக்குள்ள இருந்து ஒரு சொப்பிங் பேக்கை எடுத்துத் தந்தா, "மனே, இதையொருக்காப் பாரு, உனக்கு இங்கிலீசு விளங்கும்தானே" எண்டு. அந்த ஸ்கேன் ரிப்போட்டில தெளிவா எழுதியிரிக்கி: சலக்குழாய்ல மேல்பக்கம் 9 மில்லிமீட்டர் கல்லு, வலது கிட்னி வீங்கியிரிக்கி. அந்த ஒரு வரியை ஆரும் அவருக்குத் தமிழ்ல வாசிச்சுச் சொல்லல்ல. எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. காசு வாங்கி ஸ்கேன் எடுக்கிற இடத்தில, கல்லு இன்னும் உள்ளதான் இரிக்கி, திரும்பி வாங்க எண்டு சொல்ல அரை நிமிசம் போதும்.

அடுத்த கிழமைக்குள்ள காய்ச்சலும் நடுக்கமும் வந்திட்டு. 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு அடிச்சம், அம்புலன்ஸ் வந்திச்சு, காசு ஒண்டும் இல்ல, அதில இருந்த பிள்ளைகள் அவ்வளவு அக்கறையாப் பாத்தாங்க. பட்டிருப்புப் பாலம் தாண்டி களுவாஞ்சிக்குடி, அங்க இருந்து மட்டக்களப்பு பெரியாஸ்பத்திரி. கல்லடைப்போட காய்ச்சல் வந்தா அது அவசர கேஸ், அடைபட்டு நிக்கிற சலத்துக்குள்ள கிருமி பெருகி ரத்தத்தில ஏறினா உயிருக்கே ஆபத்து. உடன மருந்து ஏத்தி, கல்லைத் தாண்டி ஒரு மெல்லிய குழாய், ஸ்டென்ட் எண்டுறது, அதை வைச்சு சலத்துக்கு வழி விட்டாங்க. கல்லை அதுக்குப் பிறகுதான் லேசரால உடைப்பாங்க, கிருமி இரிக்கிற நேரம் உடைக்கப் போனா இன்னும் மோசமாகும்.

வாட்டில ஒரு இளம் டொக்டர் பொறுமையா இருந்து விளங்கப்படுத்தினார். ரெண்டு கிட்னியும் சேந்து நாளைக்கு 180 லீட்டர் அளவில வடிக்கும், அதில திரும்ப உறிஞ்சினது போக ஒண்டரை லீட்டர் அளவுதான் சலமா வெளிய வரும். கல்சியம், ஒக்சலேட், யூரிக் அசிட் எல்லாம் அந்தச் சலத்திலதான் கரைஞ்சு நிக்கும். கச்சான் காத்து வெயிலுக்குள்ள நாள் முழுக்க வயல்ல நிண்டு, உடம்புத் தண்ணி எல்லாம் வேர்வையாப் போய், சலம் தேயிலைச் சாயம் மாதிரி இறுகினா அதுகள் கரைஞ்சு நிக்க ஏலாமப் பளிங்காப் படியும், அதில இன்னும் இன்னும் ஒட்டிக் கல்லாகும். கூடுதலான கல்லு கல்சியம் ஒக்சலேட்தான். 5 மில்லிமீட்டருக்குக் கீழ எண்டா பெரும்பாலும் தானாப் போயிரும், 10க்குக் கிட்ட வந்தா அது கஷ்டம்.

ஊர்ல எல்லாரும் கிணத்துத் தண்ணியைத்தான் குறை சொல்றாங்க, கேத்தலுக்குள்ள படியிற வெள்ளையைக் காட்டி இதான் கல்லு எண்டு. கடின தண்ணியால கல்லு வரும் எண்டு உறுதியா நிரூபிக்கப்படல்ல, தண்ணி காணாமக் குடிக்கிறதுதான் பெரிய காரணம். அம்பாறை மாவட்டத்தில தெஹியத்தகண்டியப் பக்கம் விவசாயிகளுக்கு வாற காரணம் தெரியாத கிட்னி நோய் வேற விசயம், அதையும் இதையும் சனம் ஒண்டாப் போட்டுக் குழப்பிக்கொள்ளுது.

நோ ஏன் நிண்டிச்சு எண்டதுதான் எனக்குப் பெரிய பாடமா இருந்திச்சு. அடைப்பு வந்ததும் சலம் பின்னுக்கு முட்டி கிட்னி வீங்கும், அந்த அழுத்தம் கூடக் கூட வடிக்கிற வேலை குறையும், மறுகா அந்தக் கிட்னிக்கு ரத்த ஓட்டமும் குறையும், சலம் குறைஞ்சா குழாய் இழுத்துப் பிடிக்கிறதும் குறையும், அதோட நோவும் அடங்கிரும், ஆனா கல்லு அதே இடத்திலதான். ஒரு கிட்னிக்குள்ள 10 லட்சம் அளவில வடிகள் இரிக்கி, முழு அடைப்பு சில கிழமைக்கு மேல நீடிச்சா அதுகள் தழும்பாகிச் செத்துப் போகும், திரும்ப முளைக்காது. இதுல இன்னொரு ஏமாத்து, கிட்னி வேலை செய்யுதா எண்டு ரத்தத்தில பாக்கிற கிரியாட்டினின் ரிப்போட் நோர்மலா வரும், ஏனெண்டா மற்றக் கிட்னி ரெண்டு பேர்ட வேலையையும் இழுத்துச் செய்யும். மச்சானுக்கும் நோர்மல்தான் வந்திச்சு. அதால ரத்தச் சோதினையை மட்டும் நம்பாம, நோ நிண்டாலும் ரெண்டு மூணு கிழமையில திரும்ப ஸ்கேன் எடுத்து, வீக்கம் வத்திட்டா, கல்லு போயிட்டா எண்டு பாக்க வேணும்.

அரசாங்க ஆஸ்பத்திரியில சனம் சரியான கூட்டம், கட்டிலுக்குக் கீழயும் பாய் போட்டுப் படுக்கிறாங்க, ஆனா ஒப்பரேசன், மருந்து ஒண்டுக்கும் காசு இல்ல, மிஸிமார் ராவு முழுக்க ஓடித் திரியிறாங்க. லேசருக்குத் திகதி கிடைக்கிறதுதான் தாமதம். அவசரமெண்டு சனல் பண்ணி, அதாவது பிரைவேட்டில டொக்டரைப் பதிஞ்சு காட்டினா அதுக்குக் காசு வேணும். வெளிநாட்டில இருந்து போற ஆக்கள், உங்கட ஆக்கள்ட பழைய ரிப்போட்டுகளை எடுத்து வாசிச்சுச் சொல்லிக் குடுங்க, விளங்காட்டி கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் கேளுங்க.

சாப்பாட்டுக் கதை ஒள்ளுப்பம் சொல்றன். பால் தயிரை நிப்பாட்டச் சொல்லி ஊர்ல சொல்லுவாங்க, அது பிழை, சாப்பாட்டோட போற கல்சியம் குடலுக்குள்ளயே ஒக்சலேட்டைப் பிடிச்சு வெளியேத்தும். குறைக்க வேண்டியது உப்பு, எங்கட ஆக்களுக்குக் கருவாடும் ஊறுகாயும். தேசிக்காய்த் தண்ணி நல்லம், சீனியும் உப்பும் அள்ளிப் போடாம. ஸ்டார் ஃப்ரூட் ஜூஸ் கல்லைக் கரைக்கும் எண்டு ஆரும் தந்தா குடிக்க வேணாம், அதில ஒக்சலேட் கூட, கூடக் குடிச்சு கிட்னி பழுதான ஆக்கள் இலங்கையிலயே இரிக்காங்க. நெருஞ்சிமுள் அவிச்சுக் குடிச்சாலும் 9 மில்லிமீட்டர் கல்லை அது தள்ளாது, அதை நம்பி நாளைக் கடத்திறதுதான் பயம்.

மச்சானுக்கு ஸ்டென்ட் இன்னும் உள்ள இரிக்கி. அதை மறந்து மாசக்கணக்கா விட்டா அந்தக் குழாய்லயே கல்லுப் படியும், எடுக்கிறதும் பெரும்பாடு. லேசருக்கும் குழாய் எடுக்கிறதுக்கும் வரச் சொன்ன திகதி கிளினிக் கொப்பியில இரிக்கி, அக்காட ஃபோன்லயும் என்ட ஃபோன்லயும் போட்டு வைச்சிரிக்கம், உடைக்கிற கல்லுத் துண்டை லாபுக்கு அனுப்பி என்ன கல்லு எண்டு பாக்கவும் கேட்டிரிக்கம்.