15 வாட் ஆம்புக்கு எந்த 12 இன்ச் ஸ்பீக்கர்? கிரீன்பேக், வின்டேஜ் 30, கன்னாபிஸ் ரெக்ஸ்

போன வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் கரகரக்கத் தொடங்கியது. ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர்: 15 வாட், சத்தத்தைப் பெருக்க இரண்டு இஎல்84 ட்யூப் (வெற்றிடக் குழாய்), பின்பக்கம் திறந்த பெட்டி, ஒரே ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர். ஆறாவது கம்பியை மீட்டினால் நோட்டுக்குப் பின்னால் மணலைத் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். ஸ்பீக்கரைக் கழற்றி மேசையில் மல்லாக்க வைத்து, இரண்டு கை விரல்களாலும் கோனை, அதாவது அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பை, சமமாக அழுத்திப் பார்த்தேன். சரக், சரக். வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச்சுருள், காந்தத்தின் இடுக்கில் உரசுகிறது. மல்டிமீட்டர் ஏழு ஓமுக்குக் கொஞ்சம் கீழே காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான அளவுதான். காயில் அறுந்துபோகவில்லை, நேராக நிற்கவில்லை, அவ்வளவுதான்.

கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ஓடும் ரேடியோ செட் ஸ்பீக்கர்களுக்கு ரீகோன் செய்யும் கடை ஒன்று எங்கள் ஊரில் இருக்கிறது. அங்கே கொடுத்தேன். இரண்டே நாளில் புதுக் கோன், புதுக் காயில் போட்டுத் தந்தார்கள். உரசல் போய்விட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்தபோது கிட்டாரையே காணோம். அதே ஆம்ப், அதே வால்யூம், அதே மூலை. ட்ரம்ஸ் வாசிக்கும் அண்ணன் பாட்டுக்கு நடுவில் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறார், சத்தம் கூட்டு என்று. கூட்டினேன். சத்தம் ஏறவில்லை, உடைய ஆரம்பித்தது.

கடைக்காரர் மேல் தப்பில்லை. அவரிடம் இருந்தது மேடை ஸ்பீக்கரின் கோன், கட்டியானது, கனமானது. கிட்டார் ஸ்பீக்கரின் கோன் மெல்லியது. கனம் கூடக்கூட, ஆம்ப் தரும் அதே சக்திக்குக் கோன் குறைவாகத்தான் அசையும், சத்தமும் குறையும். வாட் மாறவில்லை, சத்தம் மட்டும் போய்விட்டது. அன்றைக்குத்தான் ஸ்பீக்கர் விவரத்தில் நான் கண்ணை ஓட்டிவிட்டுப் போகும் ஒரு எண் உறைத்தது. டெசிபெலில் எழுதியிருக்குமே, சென்ஸிடிவிட்டி, அது.

சரி, புதிதாகவே வாங்கிவிடலாம் என்று முடிவானது. அளவு 12 இன்ச், ஓம் ஆம்பின் பின்னால் எழுதியிருப்பதுதான். இரண்டிலும் யோசிக்க ஒன்றும் இல்லை. கடைசியில் மூன்று ஸ்பீக்கர்கள் மிஞ்சின: செலெஸ்டியன் ஜி12எம் கிரீன்பேக், செலெஸ்டியன் வின்டேஜ் 30, எமினென்ஸ் கன்னாபிஸ் ரெக்ஸ். நான் வாங்கியது ரெக்ஸ். அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாட்டைப் பற்றி முதலில். "25 வாட்தானே, சத்தம் வருமா?" என்று என்னிடமே நாலு பேர் கேட்டுவிட்டார்கள். ஸ்பீக்கர் மேல் எழுதியிருக்கும் வாட், அது எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. வாய்ஸ் காயில் சூட்டில் கருகாமல் எவ்வளவு சக்தியை வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மேல் அதற்கு வேறு அர்த்தம் இல்லை. 100 வாட் ஸ்பீக்கரை 15 வாட் ஆம்பில் போட்டால் 100 வாட் சத்தம் வராது. இருந்ததைவிடக் குறைந்தாலும் குறையலாம். சத்தம் உடையும் டிஸ்டார்ஷனில் முழுக்கத் திருகினால் 15 வாட் ஆம்ப் எழுதியதைவிட அதிகமாகவே தள்ளும். ஒற்றை ஸ்பீக்கர் என்றால் ஆம்பைப்போல இரண்டு மடங்கு தாங்குகிற மாதிரி பார்ப்பது நிம்மதி. மூன்றில் கிரீன்பேக் 25 வாட், வின்டேஜ் 30 என்பது பெயரில் 30 இருந்தாலும் 60 வாட், ரெக்ஸ் 50 வாட். கிரீன்பேக் மட்டும் கொஞ்சம் ஓரத்தில் நிற்கிறது. ஆனாலும் நான் வாசிக்கிற வாசிப்புக்கு அது தாங்கும்.

சத்தத்தைத் தீர்மானிப்பது டெசிபெல். ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று அளக்கிறார்கள். கிரீன்பேக் 98, வின்டேஜ் 30க்கு 100, ரெக்ஸ் 102. காகிதத்தில் பார்த்தால் 98க்கும் 102க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் 3 டெசிபெல் கூடவேண்டும் என்றால் ஆம்பின் சக்தி இரண்டு மடங்காக வேண்டும். 4 டெசிபெல்லுக்கு இரண்டரை மடங்கு. அதாவது 15 வாட் ஆம்ப் ரெக்ஸில் எழுப்பும் சத்தத்தைக் கிரீன்பேக்கில் எழுப்ப கிட்டத்தட்ட 38 வாட் ஆம்ப் வேண்டும். ஒரு படி பெரிய ஆம்பையே வாங்க வேண்டிய இடைவெளி அது.

காதுக்கு இரண்டரை மடங்கு பெரிதாகக் கேட்காது, உண்மைதான். காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும். ஆனால் சின்ன ட்யூப் ஆம்ப் வைத்திருப்பவனின் கவலை வேறு. ட்ரம்ஸ், கீபோர்டு, ஐம்பது பேர் பாடும் கொயர், இதற்கு நடுவில் கிட்டார் உடையாமல் க்ளீனாகக் கேட்க வேண்டும். 15 வாட்டில் க்ளீனுக்கு இருக்கிற இடமே கொஞ்சம். கிரீன்பேக்கில் வால்யூமை 7 வரை திருப்பினால்தான் ட்ரம்ஸுக்கு ஈடாக வந்தது. அதற்குள் கார்டுகள் ஓரத்தில் பிசிறடிக்க ஆரம்பித்துவிட்டன. ரெக்ஸில் 5 போதும், கண்ணாடிபோலத் தெளிவாக நிற்கிறது. அந்த இரண்டு எண்ணுக்காகத்தான் நான் பணம் கொடுத்தேன் என்று சொன்னாலும் சரிதான்.

கிரீன்பேக்கைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் நண்பன் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்து, கிறிஸ்துமஸ் முழுக்க அதில்தான் வாசித்தேன். காந்தத்தை மூடியிருக்கும் பச்சை மூடியால் வந்த பெயர் அது. 1960களில் மார்ஷல் கம்பெனியின் ஸ்பீக்கர் பெட்டிகளில் நான்கு நான்காகப் பூட்டியிருந்த இங்கிலாந்துச் சத்தம். நடுஸ்வரங்களில் ஒரு தொண்டைக்கட்டு, வேகமாக அடித்தால் லேசாக அமுங்கி மீண்டும் எழும் ஒரு மெதுமெதுப்பு. கை அதற்குச் சீக்கிரம் பழகிவிடும். ஆனால் அந்தக் காலத்து மேடையில் நான்கு ஸ்பீக்கருக்குப் பின்னால் பெரிய ஆம்ப் இருந்தது. ஒற்றைக் கிரீன்பேக்கும் 15 வாட்டும் மேடைக்குப் போதவில்லை. ஒலிப்பதிவு செய்பவர்களும் வீட்டில் வாசிப்பவர்களும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சத்தம் சீக்கிரம் உடையும் ஆம்ப்தானே அங்கே வேண்டும்!

வின்டேஜ் 30 பெயரளவில்தான் பழசு, வந்தது 1986இல். மேசா, மார்ஷல் என்று ஹெவியாக வாசிப்பவர்களின் பெட்டிகளில் நிறையப் பார்க்கலாம். என் ஆம்பில் அதை ஒரே ஒரு மாலைதான் போட்டுப் பார்த்தேன், அதனால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். மேல்நடு ஸ்வரங்களில் ஒரு மேடு, அங்கே சத்தம் தூக்கலாக இருக்கிறது. தடித்த சத்தம் தரும் ஹம்பக்கர் பிக்கப் போட்ட கிட்டாரில், டிஸ்டார்ஷனில், கூட்டத்துக்குள் கத்திபோல வெட்டிக்கொண்டு வெளியே வரும். என்னுடையது ஸ்ட்ராட், மெல்லிய, கூர்மையான சத்தம் தரும் கிட்டார். பிரிட்ஜ் பிக்கப்பில் க்ளீனாக வாசித்தால் அந்த மேடு காதைக் குத்தியது. காந்தம் பெரிது, எடை 4.7 கிலோ, கிரீன்பேக் 3.6 கிலோதான். ஸ்கூட்டர் முன்னால் ஆம்பை வைத்துக்கொண்டு போகிற எனக்கு அந்த ஒரு கிலோவும் ஒரு கணக்குத்தான்.

ரெக்ஸ் அமெரிக்காவின் கென்டக்கியில் இருக்கும் எமினென்ஸ் கம்பெனியுடையது. 1966இல் தொடங்கியது, ஊரின் பெயரும் எமினென்ஸ்தான். ஸ்பீக்கரின் பெயரைப் பார்த்துச் சபையில் ஒன்றிரண்டு பேர் தயங்கினார்கள். கோன் ஹெம்ப், அதாவது கஞ்சாச் செடியின் நாரால் ஆனது, அதனால் வைத்த பெயர். சாதாரணக் காகிதக் கோனைவிட நார் கோன் உச்ச ஸ்வரங்களின் கூர்மையை மழுக்கிவிடுகிறது. எனக்கு இது இரண்டாவது காரணம். 12 இன்ச் ஸ்பீக்கர் ட்ரெபிளை டார்ச் லைட் மாதிரி நேரே முன்னால்தான் பாய்ச்சும். ஆம்ப் தரையில் இருந்தால் வாசிப்பவனின் முழங்காலுக்கும், முன்வரிசையில் இருப்பவர்களின் காதுக்கும் அது போகும். எங்கள் சபையில் முன்வரிசை வயதானவர்களுடையது. பழைய ஸ்பீக்கர் காலத்தில் ஆம்பைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தே வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது நேராக வைக்கிறேன், யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை.

குறையும் இருக்கிறது. ஹம்பக்கர் கிட்டாரை இதில் செருகினால் சத்தம் கம்பளி போர்த்தியதுபோல ஆகிவிடுகிறது. ட்ரெபிளை ஏற்றிச் சமாளிக்கலாம், ஆனால் ஏற்கெனவே மந்தமான ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். வீட்டில் வாசிக்கவும் இது ஒத்துவராது. வால்யூமை 2 வைத்தாலே பக்கத்து அறையில் குழந்தை எழுந்துவிடுகிறது. புதிதில் கொஞ்சம் விறைப்பாகவும் இருந்தது. ஐந்தாறு ஞாயிறுகளுக்குப் பிறகு பேஸ் இளகியது. கோன் பழகியதா, என் காது பழகியதா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஜென்சன் சி12என், செலெஸ்டியன் ப்ளூ இரண்டையும் ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். ஜென்சன் பழைய ஃபெண்டர் சத்தத்தின் பக்கம் நிற்பது, மணியான ட்ரெபிள். என் முன்வரிசைக்கு அது கூடாது. ப்ளூ ஆல்னிகோ என்ற பழைய வகைக் காந்தம் போட்டது, 100 டெசிபெல், கேட்டால் மனசு உருகும். வாக்ஸ் ஆம்புகளின் புகழில் பாதி அதனுடையது. ஆனால் தாங்குவது 15 வாட்தான், விலையோ கிரீன்பேக்கைப்போல இரண்டு மடங்கை ஒட்டி. அதே 15 வாட் ஆம்பில் ஒற்றை ப்ளூவைப் போட்டு முழுக்கத் திருகுவதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. காயில் கருகினால் திரும்பவும் ரீகோன் கடை, திரும்பவும் மேடைக் கோன்.

வாங்கும்போது ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். 8 ஓம் என்று கேட்டு வாங்கியதற்கு 16 ஓம் அனுப்பிவிட்டார்கள். பெட்டிமேல் 8 என்று ஒட்டியிருந்தது, ஸ்பீக்கரின் பின்னால் 16 என்று இருந்தது. திருப்பி அனுப்பி, சரியானது வந்துசேர பிப்ரவரி ஆகிவிட்டது. பூட்டும் முன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 8 ஓம் என்றால் ஆறிலிருந்து ஏழு காட்டும், 16 என்றால் பன்னிரண்டுக்கு மேல் போகும். ட்யூப் ஆம்ப் என்றால் இன்னொன்று: ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவைத்துவிட்டு, "சும்மா ஆன் பண்ணிப் பார்ப்போம்" என்று மட்டும் செய்யவே கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடலாம்.

பூட்டும்போது கோன்மேல் ஓர் அட்டையை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஸ்பேனரைக் கையிலிருந்து பிடுங்கி இழுக்கும். ஒரு நொடியில் கோனில் ஓட்டை. நட்டுகளை வரிசையாக இறுக்காமல், கார் டயர் மாட்டுவதுபோல எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் இரும்புச் சட்டம் முறுக்கிக்கொண்டு காயில் உரச ஆரம்பிக்கும். என் பழைய ஸ்பீக்கருக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும் என்று சந்தேகம். கழற்றும்போது மேல்பக்க நட்டுகள் மட்டும் அசையவே இல்லை.

ஈஸ்டர் அன்று விடிகாலை ஆராதனை, சபை வளாகத்து மைதானத்தில். வெட்டவெளியில் சுவரோ கூரையோ துணைக்கு வராது, ஆம்புக்கு மைக்கும் வைக்கவில்லை. வால்யூம் 6. முதல் பாட்டு முடிந்ததும் கீபோர்டு வாசிக்கும் பெரியவர் குனிந்து, "தம்பி, ஆம்ப் மாத்திட்டியா?" என்றார். ஸ்பீக்கர் மட்டும்தான் அங்கிள், என்றேன். நம்பாமல் எழுந்துபோய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

நண்பனின் கிரீன்பேக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் வாசிக்க ஒன்று வாங்கித் தனிப் பெட்டியில் போட எண்ணம். 8 ஓம்தான்.