இரண்டு வருடம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்: சக்காய் தெருமுனைக் கடையில் வாங்கிய பழைய மாமாச்சாரி

முன்னால் கூடை வைத்து, மிதிக்கும்போது பாவாடை சங்கிலியில் சிக்காதபடி முழுக் கவசம் போட்ட சைக்கிளுக்கு ஜப்பானில் மாமாச்சாரி என்று பேர். அம்மாக்களின் சைக்கிள் என்று அர்த்தம். ஆனால் எங்கள் பேட்டையில் பள்ளிப் பிள்ளைகள், தாத்தாமார், பங்குத் தந்தை என்று எல்லோரும் அதில்தான் போகிறார்கள். ஒசாகாவை அடுத்த சக்காய் நகரில் ஒரு சர்ச்சில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். செவ்வாய் சாயங்காலம் பிள்ளைகள், வியாழன் காலை பெரியவர்கள், நடுவில் வெளியே வர முடியாத இரண்டு பாட்டிகளுக்கு அவர்கள் வீட்டிலேயே பாடம். சைக்கிள் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

முதல் மாதம், எனக்கு முன் இருந்த ஆசிரியர் விட்டுப்போன சைக்கிளை ஓட்டினேன். ஒரு செவ்வாய்க்கிழமை சிக்னலில் போலீஸ்காரர் நிறுத்தினார். சைக்கிள் பிரேமில் ஒட்டியிருந்த பதிவு எண்ணை வயர்லெஸ்ஸில் சொன்னார். வேறொருவர் பேர் வந்தது. மரியாதையாகத்தான் பேசினார், ஆனாலும் அரை மணி நேரம் போய்விட்டது. பதினோரு பிள்ளைகள் மண்டப வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே சைக்கிளை ஓட்டுபவர் தன் பேரில் பதிய வேண்டும். யாராவது சும்மா கொடுத்தாலும் பேர் மாற்றாமல் ஏறாதீர்கள்.

அந்த வாரமே தெருமுனைக் கடைக்குப் போய் 9,500 யென்னுக்கு இதை வாங்கினேன். பதிவைக் கடைக்காரரே செய்துகொடுத்தார். ஒசாகாவில் 2016 முதல் சைக்கிளுக்குக் காப்பீடு கட்டாயம். அவர் வண்டியைச் சோதித்து ஒட்டிய டிஎஸ் மார்க் ஸ்டிக்கரிலேயே ஒரு வருடக் காப்பீடு அடங்கியிருக்கிறது.

வண்டி கனம். மாடிப்படியில் தூக்க நினைக்க வேண்டாம். ஆனால் சக்காய் பெரும்பாலும் சமதரை, மூன்று கியர் தாராளம். கியர் முழுவதும் பின்சக்கர ஹப்புக்குள் இருப்பதால் மழையில் நனைவதில்லை. சிமானோ தயாரிப்பு, 1921இல் அந்தக் கம்பெனி தொடங்கியதே இந்த ஊரில்தான். துப்பாக்கி, கத்தி அடித்த கொல்லர்களின் கைதான் பிறகு சைக்கிள் பாகத்துக்குத் திரும்பியது என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். இருட்டினால் முன்விளக்கு தானே எரியும். கூடையில் இருபது பாடப்புத்தகமும் ஒரு பை வெங்காயமும் சேர்ந்து நிற்கும்.

ஆறாம் மாதம் பின்சக்கரத்தில் காற்று நிற்கவில்லை. பங்க்சர் என்று நினைத்து உருட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் ட்யூபைக் கழற்றவே இல்லை. வால்வு மூடியைத் திருகி, உள்ளே இருந்த சின்னக் குழலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மேலே போர்த்தியிருந்த கறுப்பு ரப்பர் பாம்புச் சட்டை போலக் கிழிந்திருந்தது. நம்மூர் வால்ட்யூப்பேதான்! இங்கே அதற்குப் பூச்சி ரப்பர் என்று பேர். எச்சில் தொட்டுப் புது ரப்பரைச் செருகி, காற்றடித்து, வால்வின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குமிழ் வருகிறதா என்று கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். மணப்பாட்டில் என் அப்பாவும் இப்படித்தான் பார்ப்பார். காசு வாங்கவில்லை.

எந்த ஊர் என்று அன்றைக்குத்தான் கேட்டார். புனித சவேரியார் தங்கிய குகை இருக்கிற கடற்கரை ஊர் என்று தெரிந்த ஜப்பானியத்தில் சொன்னேன். “ஸபியெரு?” என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். சவேரியார் 1550-51 குளிர்காலத்தில் கியோத்தோ போகிற வழியில் சக்காய்க்கு வந்தவர். அவர் பேரில் இங்கே ஒரு பூங்கா இருக்கிறது. கடைக்காரர் கிறிஸ்தவர் இல்லை, ஆனால் சின்ன வயதில் விளையாடியது அந்தப் பூங்காவில். புதன்கிழமைப் பாட்டி வீட்டுக்கு நான் போகிற வழியும் அதுதான். இப்போது அங்கே வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன்.

குறைகளும் உண்டு. பின் பிரேக் பட்டையால் இறுக்கிப் பிடிக்கிற பேண்டு வகை. நனைந்தால் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கிறீச்சிடும். இருக்கை மரக்கட்டை மாதிரி. கடை புதன்கிழமை அடைப்பு, ஆங்கிலம் ஒரு சொல்லும் நடக்காது. பெரிய கடைகளில் இதைவிடக் கூடுதல் விலைக்குப் புதிய வண்டியே கிடைக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும் நான் இங்கேதான் வாங்கச் சொல்வேன். காற்று இறங்கினால் “மைதோ, சென்செய்” (வாங்க, ஆசிரியரே) என்று குரல் கொடுத்து பம்பை நீட்டுகிற ஆள் நடக்கிற தூரத்தில் இருப்பது, தனியாக வந்து வேலை பார்க்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்!

ஒன்று மறந்துவிட்டேன். குடை பிடித்துக்கொண்டு ஓட்டுவது இங்கே குற்றம். தொப்பி வைத்த நல்ல மழைக்கோட்டு ஒன்றைச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் டிஎஸ் மார்க் முடிகிறது. அப்போது பிரேக்கை மாற்றித்தரச் சொல்லியிருக்கிறேன். சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்துக்கொண்டார்: “சர்ச் சென்செய், பின் பிரேக்.”