ஸ்டெப் லிப்பா, ஃப்ளாட் லிப்பா? தேவகோட்டையில் நிற்கும் ஒரு இசட்4-க்காக

அத்தான் சென்னையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார், பிஎம்டபிள்யூ இசட்4, இப்போது தேவகோட்டை வீட்டு முகப்புக்கு எதிரே நிற்கிறது. 18 இன்ச் வீல், டயர் முன்னால் 225/40, பின்னால் 255/35 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச் சுவர் எத்தனை சதவீதம் என்பது). "தம்பி, வீல் மாத்தணும், லிப் வச்சதுதான் வேணும், ஸ்டெப்பா ஃப்ளாட்டான்னு ஒரு வாரமா மண்டை காயுது" என்று போன் பண்ணினார். வீல் என்றால் எனக்குப் பதினைந்து வருஷமாகப் பைத்தியம், அதனால் போனிலேயே முடிக்காமல் காரைக்குடியிலிருந்து கிளம்பிப் போய்விட்டேன்.

லிப் என்பது வீலின் வெளி விளிம்பிலிருந்து ஸ்போக் தொடங்கும் இடம் வரைக்குமான அந்தப் பட்டை. படம் காட்டினேன், அவருக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. ஆயா இரண்டாங்கட்டில் அடுக்கி வைத்திருக்கிற பித்தளைத் தாம்பாளங்களில் இரண்டை எடுத்து வந்து தரையில் வைத்தேன். ஒன்றில் விளிம்பு சரிவாக ஓடி நேராக நடுத்தட்டில் போய்ச் சேர்கிறது. இன்னொன்றில் விளிம்பு கொஞ்ச தூரம் வந்து, ஒரு படி இறங்கி, அப்புறம்தான் நடுத்தட்டு. முதலாவது ஃப்ளாட், இரண்டாவது ஸ்டெப். இரண்டும் ஒரே அகலத் தாம்பாளம், ஆனால் படி வைத்ததில் நடுத்தட்டு சின்னதாகத் தெரிந்தது. அத்தானுக்கு அப்போதே பாதி விஷயம் விளங்கிவிட்டது.

அந்தப் படி வெறும் அழகுக்காக வந்ததில்லை. டயரை ரிம்மில் ஏற்றும்போது ஒரு பக்கத்துப் பீட் (ரிம்மைக் கவ்வும் டயரின் உள்விளிம்பு) போய் விழ ஒரு பள்ளம் வேண்டும், இல்லாவிட்டால் எதிர்ப்பக்கம் ரிம்மைத் தாண்டாது. அந்தப் பள்ளம் வெளிப்பக்கமாக இருந்தால் கண்ணுக்குப் படியாகத் தெரிகிறது, ஸ்போக் எல்லாம் படிக்குக் கீழேதான் உட்கார முடியும். 18 இன்ச் வீல் வாங்கினாலும் நடு முகம் 16 இன்ச் வீலுடையது போல இருக்கும். பள்ளத்தை உள்பக்கமாகத் தள்ளிவிட்டால் முன்னால் தடை இல்லை, ஸ்போக் கிட்டத்தட்ட விளிம்பு வரைக்கும் நீளும். இதனால்தான் ஃப்ளாட்டை ரிவர்ஸ் என்றும் சொல்கிறார்கள்.

அழகை மட்டும் பார்த்தால் என் மனசு ஸ்டெப் பக்கம்தான். 1983-ல் வந்த பிபிஎஸ் ஆர்எஸ், மூன்று துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிய வீல், வலை பின்னினது போன்ற ஸ்போக்கும் அதைச் சுற்றி ஆழமான பாலிஷ் லிப்புமாக இருக்கும், இத்தனை வருஷம் ஆகியும் அதைப் பார்த்தால் நின்றுவிட்டுத்தான் போவேன். படியில் வெளிச்சம் இரண்டு வளையமாக உடையும். சாயங்காலம் வண்டியைத் திண்ணை ஓரம் நிறுத்தினால் தேக்குத் தூண் ஒரு தடவை லிப்பிலும் இன்னொரு தடவை படியிலும் வளைந்து தெரியும். ஃப்ளாட்டில் இந்த விளையாட்டு கிடையாது, ஒரே வீச்சில் சரிந்து முடிந்துவிடும். ஆனால் ஃப்ளாட் வீலைப் பெரிதாகக் காட்டும். அத்தான் வண்டிக்கு அதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன், காரணம் ரோடு.

தேவகோட்டையிலிருந்து உள்ளூர் பக்கம் திரும்பினால் பெயின்ட் அழிந்த வேகத்தடை, மழைக்கு அரித்துப்போன ரோட்டு ஓரம், கல்யாண வீடுகளுக்குப் போனால் செம்மண் தெரு. 255/35 ஆர்18 டயரின் பக்கச் சுவர் 89 மில்லிமீட்டர்தான். ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும். 17 இன்ச் வீலுக்கு இறங்கி முன்னால் 225/45, பின்னால் 255/40 போட்டால் பக்கச் சுவர் 101, 102 மில்லிமீட்டர் கிடைக்கிறது, மொத்த விட்டமோ முன்னால் 3 மில்லிமீட்டர் குறைகிறது, பின்னால் அநேகமாக அப்படியே நிற்கிறது. ஸ்பீடோ மீட்டருக்கும் தொந்தரவு இல்லை. 17-ல் ஸ்டெப் போட்டால்தான் சிக்கல். நடு முகம் 15 இன்ச் போலச் சுருங்கிவிடும், அவ்வளவு நீளமான பானட்டுக்குக் கீழே அது பொருந்தவே பொருந்தாது. அதே 17-ல் ஃப்ளாட் போட்டால் தூரத்தில் நின்று பார்க்கிறவருக்கு 18 மாதிரியே இருக்கும். ரிம்மும் பிழைக்கும், தோற்றமும் குறையாது. 18-லேயே இருக்கப்போகிறவர், சென்னை, கோயம்புத்தூர் என்று நல்ல ரோட்டிலேயே ஓட்டுகிறவர், ஸ்டெப் எடுக்கட்டும், நானும் அதையேதான் எடுப்பேன்.

ஃப்ளாட்டில் ஒரு இம்சை உண்டு, அதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பள்ளம் உள்பக்கம் இருப்பதால் டயரைப் பின்பக்கத்திலிருந்து ஏற்ற வேண்டும், அதாவது வீலை மெஷினில் முகம் கீழே பார்க்கக் கவிழ்த்துப் போட வேண்டும். என் பழைய காருக்கு அப்படி ஒரு செட் வைத்திருந்தேன். டயர் மாற்றக் கொடுத்த இடத்தில் பழக்க தோஷத்தில் முன்பக்கமாகவே நெம்பினார்கள். ஏறவில்லை, இன்னும் அழுத்தி நெம்பினார்கள். லிப்பில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெட்டு, உள்ளே அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து வீலைக் கொடுக்கும்போதே உள்பக்கம் சாக்பீஸால் "இந்தப் பக்கம் ஏற்றவும்" என்று எழுதிவிட்டு, டயர் ஏறி முடியும் வரைக்கும் பக்கத்திலேயே நிற்கிறேன்.

லிப் எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதற்கு ஆசை மட்டும் போதாது, ஃபெண்டருக்குள், அதாவது வீலுக்கு மேலே மூடியிருக்கும் தகட்டுக்குள், இடம் வேண்டும். ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டிலிருந்து, வண்டியோடு பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்ற கணக்கு, அது குறையக் குறைய வீல் வெளியே வரும். 8ஜே (8 இன்ச்) அகலம், ஆஃப்செட் 35 இருக்கிற இடத்தில் 9ஜே, ஆஃப்செட் 25 போட்டால் கூடின ஒரு இன்ச் அகலத்தில் பாதி 12.7 மில்லிமீட்டர், ஆஃப்செட்டால் 10, ஆக வீல் கிட்டத்தட்ட 23 மில்லிமீட்டர் வெளியே வரும். அந்த வெளியே வந்ததுதான் பெரும்பாலும் லிப்பாக மாறுகிறது. டயர் ஃபெண்டரைத் தாண்டிப் பிதுங்கக் கூடாது, அப்படி நின்றால் ஆள் ஏறினதும் உரசும், சட்டத்துக்கும் ஆகாது. அத்தானுக்குப் பின்னால் கொஞ்சம் ஆழம், முன்னால் அதில் பாதி போதும் என்று சொன்னேன்.

லிப்பே இல்லாமல் ஸ்போக் உள்வாங்கிக் குழியும் கான்கேவ் வீல் இப்போது எங்கே பார்த்தாலும் கிடைக்கிறது. புது வண்டிகளுக்கு நன்றாக இருக்கிறது. அத்தான் லிப் கேட்டார், அதனால் அதை விட்டுவிட்டோம்.

பினிஷ் விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வெறும் பாலிஷ் லிப் வாங்குகிற நாளில் கண்ணாடி, நாலு மாதத்தில் மங்கும், மாதம் ஒரு தடவை மெட்டல் பாலிஷ் போட்டுத் தேய்க்கிறவருக்குத்தான் அது சரிப்படும். அனோடைஸ் பண்ணின லிப் அந்த அளவுக்குப் பளீரென்று இருக்காது, ஆனால் மின்வேதி முறையில் அலுமினியத்தின் மேலேயே ஆக்சைடு படலம் கெட்டியாக வளர்ந்து காக்கிறது. மின்வேதியியலுக்கென்றே 1953-ல் திறந்த மத்திய ஆராய்ச்சி நிலையம், சிக்ரி, நம்ம காரைக்குடியில் இருக்கிறது, அரிப்பு ஆராய்ச்சி அவர்களுடைய முக்கியமான வேலைகளில் ஒன்று. அந்த ஊர்க்காரன் அலுமினியத்தை மொட்டையாக விடலாமா? ஒன்று மட்டும் கவனம், ஆசிட் கலந்த வீல் கிளீனரும் காரமான டிகிரீசரும் அந்தப் படலத்தையே தின்றுவிடும். ஷாம்பூவும் தண்ணீரும் போதும். வேலைக்கு வருகிறவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் பித்தளை விளக்கிக்கொண்டிருந்த அக்கா, பாவம் நல்லெண்ணத்தில், தேங்காய் நாரும் சாம்பலுமாக என் லிப்பையும் சேர்த்துத் தேய்த்துவிட்டார், வெயில் பட்டால் வட்ட வட்டமாகக் கீறல் இன்னமும் தெரிகிறது.

செம்மண்ணைப் பொறுத்தவரை, ஸ்டெப்பின் மூலையில் சேறு போய் உட்கார்ந்து காயும், பிரஷ் போட்டால்தான் வரும். ஃப்ளாட்டில் தண்ணீர் அடித்தாலே வழிந்துவிடும். ஆனால் எந்த வீலானாலும் உள்பக்கம் காய்ந்த சேறுதான் ஸ்டீயரிங்கை ஆட வைக்கும், அங்கேயும் ஒரு தடவை குழாயைக் காட்ட வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. 17-க்கு இறங்குவதால் பிரேக் காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) உள்ளே அடங்குகிறதா என்று பார்த்தாக வேண்டும். ஸ்டெப் என்றால் ஸ்போக்குக்குப் பின்னால் இடிக்கும், ஃப்ளாட் என்றால் உள்பக்கம் பள்ளம் விழும் இடத்தில் இடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை ஜாக்கியில் ஏற்றி, முன் வீலைக் கழற்றி, காலிப்பரின் உருவத்தைப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டி எடுத்தோம். அந்த அட்டையை வீல் விற்கிறவருக்கு அனுப்பியிருக்கிறோம். 17 ஃப்ளாட், அனோடைஸ் லிப், நடுவில் கன்மெட்டல் என்கிற கருஞ்சாம்பல் நிறம். அட்டை உள்ளே சுழன்றால் ஆர்டர்.