வளர்ப்புப் பையா, மேட்டுப்பாத்தியா, தாழ்பாத்தியா? வெயில் ஊரில் முதல் காய்கறித் தோட்டம்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் வாங்குவது வளர்ப்புப் பை (குரோ பேக்). மண் வெட்ட வேண்டாம், களையும் குறைவு. ஆனால் கடுங்கோடையில் முதலில் காலை வாரிவிடுவதும் அதுதான். பிற்பகல் வெயில் பையின் பக்கவாட்டில் நேராக அடிக்க, அந்தப் பக்கத்து வேர் வெந்துபோகிறது. மண் ஈரமாக இருந்தும் செடி துவண்டு நின்றால் இதைச் சந்தேகிக்கலாம். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும்.

இன்னொரு தொல்லை: பையில் நிரப்பும் தென்னை நார்க்கழிவு ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கி, பையின் ஓரத்தில் இடைவெளி விடும். ஊற்றுகிற தண்ணீர் அந்த வழியே அடியில் ஓடிவிடும்; நடுவில் விரல் விட்டால் புழுதி. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு மூன்று நான்கு தடவை ஊற்றினால் மறுபடி ஈரம் பிடிக்கும். வேறு வழியில்லை, மாடிதான் என்றால் வெளிப்பக்கம் வெள்ளையான பை, தக்காளிக்கோ கத்தரிக்கோ செடிக்கு 20 லிட்டராவது கொள்ளளவு, மேற்கு வெயில் படாத இடம்.

மேட்டுப்பாத்தி மழைக்காலத்துக்கும் தண்ணீர் தேங்கும் களிமண்ணுக்கும் ஏற்றது. கோடையில் நான்கு பக்கமும் காய்ந்துவிடும்.

தரை இருந்து, தண்ணீர் வடிகிற மண்ணும் இருந்தால், தரைமட்டத்துக்குக் கீழே அமைக்கும் தாழ்பாத்திதான் எங்கள் தேர்வு. முதலில் ஓர் அடிக் குழி தோண்டி இரண்டு முறை நீர் நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் நின்றால் இந்த யோசனையை விட்டுவிடலாம்.

பாத்தி அகலம் 1 மீட்டர். அதற்கு மேல் போனால் நடுப்பகுதிக்குக் கை எட்டாது. மேல்மண்ணைத் தனியே எடுத்து வையுங்கள். அடிமண்ணில் 15 செ.மீ. வெட்டி அதைக் கரையாகக் கட்டி, மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து உள்ளே திரும்பப் போடுங்கள். பாத்தி தரைமட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். பலரும் மேல்மண்ணையே கரையாக்கிவிட்டு, சத்தில்லாத அடிமண்ணில் விதைத்துவிடுகிறார்கள். செடி மஞ்சளாகவே நிற்கும். முளைத்து ஒரு சாண் உயர்ந்ததும் காய்ந்த இலை, வைக்கோலை 5 செ.மீ. கனத்தில் மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல். மழைக்காலம் தொடங்குமுன் கரையில் ஒரு வடிகால் வெட்டிவிட வேண்டும்.

எதில் போட்டாலும் முதல் கோடைக்கு வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு, தண்டுக்கீரை போதும். இரவிலும் வெப்பம் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத வாரங்களில் தக்காளி பூவை உதிர்க்கும். அதற்கு உரம் வைத்துப் பயனில்லை.