பத்து நாளில் வெளுக்கும் கிரீம், 25 ரிங்கிட்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் வாங்கினேன். பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆனது, பொய் சொல்லவில்லை. அப்புறம் கன்னமெல்லாம் எரிச்சல், தடிப்பு. டப்பாவைத் திருப்பினால் தயாரித்தவர் பெயர் இல்லை, அழகுப் பொருள்களுக்கு மலேசிய அரசு தரும், ‘நாட்’ (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணும் இல்லை. பொடி எழுத்தில் மட்டும் ‘கேலமெல்’. அதாவது மெர்குரஸ் குளோரைடு, பாதரச உப்பு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுத்துத்தான் வெளுக்க வைக்கிறது. தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். துண்டு, தலையணை மூலம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். அக்கா மகள் என் தலையணையில்தான் தூங்குவாள்! டாக்டர் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். கடைக்காரரிடம் கேட்டால், “எல்லாரும் வாங்குறாங்கம்மா” என்றார். காசு திரும்பவில்லை. ஒரு நட்சத்திரம், அதுவும் டப்பா அழகாக இருந்ததற்கு.