கூடுதல் வாட்டர் செபரேட்டர் மாட்டி நாலு வருஷம்: டேங்கில் தண்ணீர் பார்த்தவன் அனுபவம்

வண்டி 2018 மாடல் லாரி, பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டு விதி), 12 டயர். நாமக்கல்லில் இருந்து ஓடுகிறது. போகும்போது எது கிடைக்கிறதோ அந்த லோடு, திரும்பும்போது பெரும்பாலும் நாக்பூர் பக்கத்தில் இருந்து கோழித்தீவனத்துக்குச் சோயாப் புண்ணாக்கு. மெயின் டீசல் பில்டருக்கு முன்னால், டீசலில் இருந்து தண்ணீரைப் பிரித்து எடுக்கும் வாட்டர் செபரேட்டர் ஒன்றைத் தனியாக மாட்டி நாலு வருஷம் ஆகிறது, அதன் பிறகு ஓடியது ஏறக்குறைய 3,40,000 கிலோமீட்டர். மாட்டலாமா வேண்டாமா என்று கேட்டு நிறையப் பேர் போன் பண்ணுகிறார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

2021 ஆகஸ்ட், ராத்திரி பதினொன்றரை. டிரைவர் அண்ணன் போன். அடிலாபாத் தாண்டி நிர்மல் போகும் வழியில் ஒரு மேட்டில் நிற்கிறார். "தம்பி, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. அமுக்கினா ஆயிரத்தி இருநூறுக்கு மேல ஆர்பிஎம் ஏறல. வெள்ளப் புகையா தள்ளுது."

"ஏதாவது லைட் எரியுதுங்களாண்ணா?"

"அந்தத் தண்ணி லைட்டு நாலு நாளா எரியுது. வண்டி ஓடுச்சு, அதான் சொல்லல."

நாலு நாள்! மழையில் லோடு நனையாமல் தார்பாய் கட்டுவதிலேயே மனுஷன் பாதி உயிரை விட்டிருந்தார், அவரை எங்கே திட்டுவது. பில்டரில் தண்ணீர் சேர்ந்தால் எரியும் அந்த லைட் எதற்கு என்று வண்டி எடுத்த நாளில் இருந்து நான் அவருக்குச் சொன்னதே இல்லை. என் தப்புதான்.

காலையில் வந்த மெக்கானிக் பில்டரைக் கழற்றி ஒரு வெட்டிய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி படம் எடுத்து அனுப்பினார். அரை மணி நேரம் அசையாமல் வைத்த பாட்டில். மேலே இளமஞ்சளாக டீசல், கீழே கால்வாசி பழுப்புத் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் கத்தியால் கீறின மாதிரி ஒரு கோடு. கோட்டின் மேலேயே கருப்பாகக் கொழகொழவென்று ஒரு ஏடு. ரொம்ப நாள் பூசணம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், நினைத்தது சரிதான். தண்ணீரும் டீசலும் சேரும் அந்த இடத்தில் பாக்டீரியா, பூஞ்சை எல்லாம் வளரும், தண்ணீரில் குடியிருந்துகொண்டு டீசலைச் சாப்பிடும். அந்த ஏடுதான் பில்டரை அடைப்பது.

இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு இன்ஜெக்டரில் நாலு போயிற்று. ஹை பிரஷர் பம்பைப் பிரித்துப் பார்த்து, உள்ளே கீறல் விழுந்திருக்கிறது என்று அதையும் மாற்றினோம். இழுத்து வந்த கூலி, டேங்க் கழுவியது, ஒன்பது நாள் வண்டி நின்றது, லோடுக்காரரிடம் வாங்கிய பேச்சு. பேச்சை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டாலும் 2,40,000 ரூபாய்க்குக் குறையவில்லை.

அப்பா ஓட்டின பழைய வண்டியிலும் தண்ணீர் வந்திருக்கிறது. கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கும், அதைக் கழற்றிக் கொட்டிவிட்டு ஹேண்ட் பிரைமரை (கையால் அமுக்கும் பம்ப்) நாலு குத்துக் குத்தி ஏர் எடுத்துவிட்டால் இருமிக்கொண்டே கிளம்பிவிடும். அந்தக் கால நாசில் (டீசல் பீய்ச்சும் முனை) 200, 250 பார் அழுத்தத்தில் திறக்கிற சமாச்சாரம். இப்போதைய காமன் ரெயிலில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் அழுத்தத்தோடு டீசல் வைத்திருக்கும் அமைப்பில், 1,600 பாருக்கு மேல் போகிறது, உள்ளே பாகங்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அந்தப் பாகங்களுக்கு வழவழப்புக் கொடுப்பதே டீசல்தான், வேறு ஆயில் கிடையாது. அந்த இடத்தில் தண்ணீர் போனால் இரும்பும் இரும்பும் நேராக உரசும், நின்ற வண்டியில் துரு பிடிக்கும், போதாததற்கு இன்ஜெக்டர் நுனியின் சூட்டில் தண்ணீர் சட்டென்று ஆவியாகி நுனியையே பிய்த்துவிடும். பழைய வண்டி மன்னித்தது, இது மன்னிக்காது.

சரி, தண்ணீர் எங்கிருந்து வந்தது? எடுத்தவுடனே பங்க்கைத்தான் திட்டினேன், எல்லாரும் அதைத்தான் செய்வோம். கடைசியாக மூன்று பங்க்கில் அடித்திருந்தோம், எது என்று எப்படிச் சொல்வது? பில்லைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு முன்னால் டேங்க் மூடியைப் பார்த்தேன், கதை அங்கே இருந்தது. இரண்டு மாதம் முன்னால் ராத்திரி பார்க்கிங்கில் எவனோ மூடிப் பூட்டை உடைத்து டீசல் திருடியிருக்கிறான். அண்ணன் தற்காலிகமாக ஒரு பொருந்தாத மூடியைப் போட்டு, அதன்மேல் பாலிதீன் கவரைச் சுற்றி, டியூப் ரப்பரால் கட்டி வைத்திருந்தார். தற்காலிகம் இரண்டு மாதம் ஓடியது, நடுவில் மழைக்காலம் வந்துவிட்டது. டேங்க்கின் மேல்பக்கம் தண்ணீர் தேங்குகிற மாதிரி லேசான பள்ளம் வேறு. கவர் கிழிந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது.

அதே திருடனால் இன்னொரு கேடும் இருந்தது. திருட்டுக்குப் பயந்து நாங்கள் டேங்க்கை எப்போதும் கால்வாசிதான் வைத்திருந்தோம், அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் அடிப்போம். காலி இடம் முழுக்கக் காற்று. காமன் ரெயிலில் மிச்ச டீசல் சூடாகி டேங்க்குக்குத் திரும்பி வரும், பகலெல்லாம் டேங்க் கதகதப்பாக இருக்கும், ராத்திரி குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுத்து, அதில் இருக்கிற ஈரம் தகடு ஓரமாக வியர்த்து வழியும். சூட்டில் டீசலுக்குள் கரைந்து கிடந்த கொஞ்சம் தண்ணீரும் குளிர்ந்ததும் பிரிந்து அடியில் சேரும். ஒரு ராத்திரிக்கு ஒன்றுமில்லை. நூறு ராத்திரி என்றால் கதை வேறு.

ரிப்பேர் முடிந்ததும் இரண்டு வேலை செய்தேன். டேங்க் வாயில் திருட்டுத் தடுப்பு ஜாலி (கம்பி வலை) போட்டேன், குழாய் விட்டு உறிஞ்ச முடியாத மாதிரி. அப்புறம் டேங்க்குக்கும் அதில் இருந்து டீசலை உறிஞ்சும் பீட் பம்புக்கும் நடுவில், சேஸிஸ் ஓரமாக, அடியில் கண்ணாடி மாதிரித் தெரியும் கிண்ணம் வைத்த செபரேட்டர். உள்ளே 30 மைக்ரான் எலிமென்ட் (வடிகட்டும் பேப்பர்). கம்பெனி பில்டர் அப்படியே இருக்கிறது, இது அதற்கு முன்னால் ஒரு வாசல்காரன். பிராக்கெட், ஹோஸ், கூலி எல்லாம் சேர்த்து அன்றைக்கு 11,500 ஆயிற்று. வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள், முதலில் சர்வீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரமே தலைவலி. காலையில் ஸ்டார்ட் ஆக நாலு தடவை முக்கும், ஸ்டார்ட் ஆனால் ஒரு நிமிடம் துள்ளும். எங்கேயும் ஒரு சொட்டு டீசல் ஒழுகவில்லை, மெக்கானிக் பேட்டரி என்கிறார், இன்னொருவர் ஸ்டார்ட்டர் என்கிறார். கடைசியில் ஷெட்டில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் சொன்னார், "அது உறிஞ்சற லைனுப்பா. அங்க லீக்குனா டீசல் வெளிய வராது, காத்து உள்ள போகும்." காப்பர் வாஷர் இரண்டு மாற்றி, கிளிப்பை இறுக்கினோம், சரியாகிவிட்டது. மாட்டுகிற எல்லாரும் இதை நினைவில் வையுங்கள்.

எலிமென்ட் விஷயத்தில் ஒரு தடவை ஏமாந்தேன். ஒரிஜினல் 900 சொன்ன இடத்தில் பக்கத்துக் கடையில் 250க்குக் கிடைத்தது. பெட்டி, எழுத்து எல்லாம் அச்சு அசல். ஒரு மாதத்தில் கழற்றியபோது பேப்பர் ஊறி, மடிப்பெல்லாம் ஒட்டி, ஊறவைத்த அப்பளம் மாதிரி இருந்தது. தண்ணீரைப் பிரிக்கவேண்டிய பேப்பரே தண்ணீரைக் குடித்துவிட்டது. அதிலிருந்து பில் இல்லாமல் வாங்குவதில்லை.

கிண்ணம் இரண்டு வருஷத்தில் மஞ்சளாகி உள்ளே பார்ப்பது கஷ்டமாகிவிட்டது, மூன்றாம் வருஷம் கல் பட்டு ஒரு மூலையில் விரிசல். இப்போது முன்னால் ஒரு தகட்டை வளைத்து மறைப்பு வைத்திருக்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு உண்மையையும் சொல்கிறேன். வண்டியைக் காப்பாற்றியது அந்த 11,500 ரூபாய்ப் பொருள் மட்டும் இல்லை, பாதிக்கு மேல் அந்த வெட்டிய தண்ணீர் பாட்டில்தான். காலையில் சாவி போடுவதற்கு முன், ராத்திரி முழுக்க அடங்கி நின்ற வண்டியில், கிண்ணத்தின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு நூறு மில்லி பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் முடிந்து சுத்த டீசல் வரும்வரை விட்டு மூட வேண்டும். மழைக்காலத்தில் தினமும், வெயில் காலத்தில் வாரம் ஒரு முறை. கிண்ணம் நிறைந்த பிறகும் திறக்காமல் ஓட்டினால் செபரேட்டர் இருந்தும் ஒன்றுதான், தண்ணீர் தாண்டிப் போய்விடும். கம்பெனி பில்டரின் அடியிலும் இதே திருகு இருக்கிறது. அதைத் தவறாமல் திறக்கிற ஆள் உங்களிடம் இருந்தால் கூடுதல் செபரேட்டர் இல்லாமலே சமாளிக்கலாம், என் அபிப்பிராயம் இது. நான் மாட்டியதற்குக் காரணம், கண்ணால் பார்க்கிற கிண்ணம் என்றால் டிரைவர் குனிந்து பார்க்கிறார், இரும்பு பில்டரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

தண்ணி லைட்டைப் பற்றி ஒன்று. உள்ளே இருக்கிறது இரண்டு கம்பி முனைதான். டீசல் கரண்ட்டைக் கடத்தாது, தண்ணீர் கடத்தும், மட்டம் முனையைத் தொட்டதும் லைட். ஆகவே எரிந்தால் ஏற்கெனவே நிறைந்துவிட்டது என்று அர்த்தம், இனிமேல் வரும் என்று இல்லை. சாவி போட்டதும் ஒரு தடவை எரிந்து அணைகிறதா என்று பாருங்கள், எரியவே இல்லை என்றால் எவனாவது ஒயரைப் பிடுங்கி வைத்திருப்பான்.

மருந்து பாட்டில்களும் வாங்கிப் பார்த்தேன். "தண்ணீரைப் போக்கும்" என்று போட்டிருந்த ஒன்றை ஊற்றியதும் கிண்ணத்தில் தண்ணீரே காணோம், லைட்டும் எரியவில்லை, எனக்கு ஒரே சந்தோஷம். பம்ப் பட்டறையில் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார்கள். சில மருந்து தண்ணீரைப் பிரித்துக் கீழே தள்ளும், சில மருந்து தண்ணீரை டீசலோடு கலக்கிவிடும். கலந்துவிட்டால் செபரேட்டர் எதைப் பிரிக்கும்? தண்ணீர் நேராக இன்ஜெக்டருக்குப் போய்ச் சேரும். அன்றோடு விட்டேன். கருப்பு ஏட்டுக்கு மட்டும் டேங்க் கழுவியபின் ஒரு முறை கிருமி மருந்து ஊற்றினேன், அது வேலை செய்தது. ஆனால் செத்ததெல்லாம் பிய்ந்து வந்து 3,000 கிலோமீட்டருக்குள் இரண்டு பில்டரை அடைத்தது, ஸ்பேர் இல்லாமல் ஊற்றாதீர்கள்.

பங்க்கில் நான் பார்ப்பது இரண்டுதான். டேங்கர் லாரி இறக்கிக்கொண்டிருந்தால் அங்கே அடிப்பதில்லை, டீ குடித்துவிட்டு அடுத்த பங்க். நிலத்தடி டேங்க்கின் அடியில் கிடப்பதெல்லாம் அப்போது கலங்கும். சந்தேகம் வந்தால் நிலத்தடி டேங்க்கில் மட்டம் பார்க்கிற டிப் கோலில் பேஸ்ட் தடவி விடச் சொல்வேன், தண்ணீர் பட்ட அளவுக்கு நிறம் மாறும். கேட்டால் முறைப்பார்கள், முறைக்கட்டும். போர்டில் எழுதிய டென்சிட்டியை (அடர்த்தி) பார்த்து நிம்மதி அடைவதில் பிரயோஜனம் இல்லை, 820, 830 என்று சரியாகவே இருக்கும், தண்ணீர் தனியாக அடியில் கிடக்கும். டென்சிட்டி பார்க்கிற ஜாடியின் அடியைப் பாருங்கள், அங்கே முத்து மாதிரி உருண்டிருந்தால் தெரியும்.

போன வருஷம் எடுத்த பிஎஸ்6 வண்டியில் வேறு மாதிரி தண்ணீர் வந்தது. புதுக் கிளீனர் பையன், நல்ல பையன், டெஃப் கேனைக் கொண்டுபோய் புனல் வைத்து டீசல் டேங்க்கில் ஊற்றிவிட்டான். டெஃப் என்பது புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்க்கில் ஊற்றுவது, 32.5 சதவீதம் யூரியா, மிச்சம் எல்லாம் தண்ணீர். பத்து லிட்டர் ஊற்றியபிறகு டெஃப் டேங்க்கின் நீல மூடியைப் பார்த்துச் சந்தேகம் வந்து ஓடிவந்து சொன்னான். பயந்துகொண்டு மறைத்திருந்தால் தொலைந்தோம். சாவியையே தொடவிடவில்லை, சாவி போட்டாலே சில வண்டியில் பம்ப் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். டேங்க்கை இறக்கி, கழுவி, புதுப் பில்டர் போட்டு, மூவாயிரத்துச் சொச்சத்தில் முடிந்தது. அவனுக்கு அன்றைக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

பழைய வண்டி ஆறு லட்சம் தாண்டிவிட்டது. மாற்றின இன்ஜெக்டர்கள்தான் இன்னும் ஓடுகின்றன, மாற்றாத இரண்டில் ஒன்று போன தையில் போயிற்று, அது வயசு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டேங்க் அடித் திருகைத் திறந்து கொட்டுகிறோம், பிடித்ததை மண்ணில் ஊற்றாமல் கேனில் வைத்துத் தெளிந்த டீசலில் பார்ட்ஸ் கழுவிக்கொள்கிறோம். அண்ணன் தினமும் காலையில் பாட்டில் படம் அனுப்பிவிடுவார், வணக்கம்கூடச் சொல்லமாட்டார், படம் மட்டும். இன்றைக்கு வந்ததில் அடியில் ஒரு விரல்கடை தண்ணீர் நின்றது. என்னண்ணா என்று கேட்டால் கர்நூலில் ராத்திரி நல்ல மழையாம், மூடி ரப்பர் திரும்பவும் காய்ந்துவிட்டதாம். வந்ததும் மாற்ற வேண்டும், 60 ரூபாய்.