இக்கரையா, அக்கரையா? பினாங்கில் மண்ரோடு சைக்கிளுக்கு மூன்று இடங்கள்

மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்கென்றே அகல டயரோடு வரும் கிராவல் சைக்கிளை வாங்கின ஒரு மாதத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும்: இதை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? ஜார்ஜ்டவுன்காரர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் உறுத்தும். விடிவதற்கு முன்பே ஜெலுத்தோங் பக்கம் லோரிகள் ஓடுகின்றன. கர்னி டிரைவ் போனால் நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், அவர்களோடு நாய்கள். 40 மில்லிமீட்டர் டயரை மாட்டிக்கொண்டு தார்ரோட்டில் உருட்டுவது, வயலுக்குப் போடும் பூட்ஸோடு கல்யாண மண்டபத்துக்குள் நுழைவது மாதிரி.

கார் ஹாரன் காதில் விழாத மண்ரோடு வேண்டும் என்று தேடி, கடைசியில் மூன்று இடங்களில் வந்து நின்றேன். தீவின் மறுபக்கமான பாலிக் புலாவ், தீவுக்கு எதிர்க்கரையான செபராங் பிறையின் வடக்கே சுங்கை மூடா ஆற்றங்கரை, தெற்கே நிபோங் திபால் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்கள். பினாங்கு மலை ஜீப் பாதையை ஏன் சேர்க்கவில்லை என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். பூமலையிலிருந்து, அதாவது தாவரவியல் பூங்காவிலிருந்து, மேலே போகும் அந்தப் பாதையில் வண்டி குறைவு, உண்மைதான். ஆனால் அது தாரும் சிமெண்டும் போட்ட செங்குத்து. தொடைக்கு வேலை உண்டு, டயருக்கு வேலை இல்லை.

முதலில் பாலிக் புலாவ். அழகில் இதை அடிக்க முடியாது. பெயருக்கே மலாயில் 'தீவின் பின்புறம்' என்றுதான் பொருள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவில் சுங்கை பூரோங், சுங்கை பினாங் பக்கத்து வயல்கள். நாற்று நட்ட கையோடு போனால் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும். கம்போங் வீடுகளுக்கு நடுவே ஒரு ஆள் அகலத்துக்கு ஓடும் சந்துகளில் கோழிதான் டிராபிக். முடித்துவிட்டு ஒரு கிண்ணம் லக்சா, ஒரு கிளாஸ் ஜாதிக்காய் ஜூஸ். யாருக்குக் கசக்கும்?

எனக்கு இரண்டு மனக்குறைகள். ஒன்று, அங்கே போய்ச் சேரும் வழி. ஜார்ஜ்டவுனிலிருந்து சைக்கிளிலேயே போவதென்றால் துன் சார்டோன் ரோடு ஏற வேண்டும், அல்லது தெலுக் பஹாங் அணைக்கட்டு வழியாகச் சுற்ற வேண்டும். இரண்டும் வளைந்து வளைந்து ஏறும் ரோடுகள். சனி, ஞாயிறுகளில் வளைவுக்கு வளைவு காரும் பெரிய மோட்டாரும். அமைதியைத் தேடிப் போகிறவன் முதல் ஒரு மணி நேரம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இரண்டாவது, அந்த வயல் சந்துகளில் பாதிக்கு மேல் தார் அல்லது சிமெண்ட். மண் வரப்பு என்று இறங்கினால் நூறு மீட்டரில் யார் வீட்டு வாசலிலாவது முடியும். டுரியான் பருவத்தில் தோட்டப் பாதைகளுக்குள் நுழையவே வேண்டாம். தோட்டக்காரர் சந்தேகப்படுவார், அவர் சந்தேகம் நியாயம்தான். அதோடு மேலேயிருந்து விழுவதை ஹெல்மெட் தாங்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

அக்கரைக்குப் போவோம். ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஃபெரியில் இப்போது கார் ஏற்றுவதில்லை. 2023-ல் வந்த புதுக் கப்பல்களில் ஆளும் மோட்டாரும் சைக்கிளும் மட்டும்தான். பாலத்தில் சைக்கிள் போக முடியாது என்பதால் நமக்கு இதுதான் வழி. வேடிக்கை என்னவென்றால், நாளின் முதல் 'கார் இல்லாத பாதை' கடல் மேலேயே கிடைத்துவிடுகிறது.

சுங்கை மூடா, கெடாவுக்கும் செபராங் பிறைக்கும் எல்லையாக ஓடும் ஆறு. பினாங்கு மாநிலம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இதிலிருந்துதான் வருகிறது. குழாயைத் திறக்கும்போது யாரும் அதை நினைப்பதில்லை, நானும் கரையில் நின்று பார்க்கும்வரை நினைத்ததில்லை. பெனாகா, பினாங் துங்கால் பக்கம் ஆற்றங்கரை மேட்டிலும் வயல் வாய்க்கால் ஓரத்திலும் நீண்ட மண்பாதைகள் உண்டு. சரளை, இறுகிய களிமண், நடுவில் ஒரு வரிசைப் புல். 35 பிஎஸ்ஐ காற்றில் டயர் அதன்மேல் போகும் சத்தம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி இருக்கும். உடும்பு ஒன்று குறுக்கே நடந்து, நம்மைப் பார்த்து, அவசரமில்லாமல் தண்ணீரில் இறங்கும். கொக்குகள் டிராக்டர் பின்னால் போகும்.

குறை? நிழலே கிடையாது. ஒன்பதரை மணிக்கு மேல் கரையில் இருந்தால் தலை வெந்துவிடும். நம்மூரில் வெளிச்சம் வரவே ஏழு மணி ஆகிறது, ஆகவே கையில் இருப்பது இரண்டரை மணி நேரம்தான். ஏற்ற இறக்கமும் இல்லை, தோசைக்கல் மாதிரி தட்டை. மேடு பள்ளம் வேண்டும் என்கிறவர்கள் புக்கிட் மெர்தாஜாம் தாண்டி மெங்குவாங் அணைக்கட்டுப் பக்கம் போகலாம், ஆனால் அங்கே மண்பாதை துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். இன்னொன்று, அறுவடை நேரத்தில் வாய்க்கால் ஓரத்துப் பாதைகள் இயந்திரத்துக்கும் நெல் லோரிக்கும் சொந்தம். ஒதுங்கி நிற்பதுதான் மரியாதை.

அப்புறம் நிபோங் திபால். இங்கேதான் எனக்கு நடுநிலை போய்விடுகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து தெற்கே முப்பது கிலோமீட்டர் சொச்சம். நான் நண்பரின் வேனில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போவேன். பைராம், கலிடோனியா என்று பழைய துரைமார் பெயர்களைச் சுமக்கும் தோட்டங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் முழுக்கக் கரும்பு, ஒப்பந்தக் கூலியாக வந்த நம் ஆட்கள் வெட்டிய கரும்பு. அது போய் ரப்பர், ரப்பர் போய் செம்பனை. கலிடோனியாவில் '99 கதவு மாளிகை' என்ற பாழடைந்த துரை வீடு இன்னும் நிற்கிறது. சிலர் அதற்காகவே வருகிறார்கள். எனக்கு அதைவிட ரோடுதான் பெரிது. என் பாட்டி பால்மரம் வெட்டப் போன காலத்தில் செருப்பில்லாமல் நடந்த அதே மாதிரி செம்மண் ரோடு.

செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் முக்கோணக் கணக்கில் நடுவார்கள். அதனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி நீண்ட வரிசை, முடிவில் ஒரே மாதிரி வெளிச்சப் புள்ளி. வழி தவறுவது மிக எளிது. ஆனால் நிழலுக்குக் குறைவில்லை, பதினொரு மணி வரை ஓட்டலாம். மேலே பரப்பிய செம்மண் இறுகி, அதன்மேல் பொடிக்கல். கிராவல் சைக்கிளை இதற்காகத்தான் கண்டுபிடித்தார்களோ என்று தோன்றும்.

முதல் தடவை கேட் பக்கத்தில் ஜாகா, அதாவது காவல்காரர், நிறுத்தினார், வயதான தமிழர்.

"எங்க தம்பி, உள்ள யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்லண்ணே. சும்மா சைக்கிள் ஓட்டிப் பாக்கலாம்னு."

"சும்மாவா?" சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். "எவ்வளவு இது?"

விலையைப் பாதியாக்கிச் சொன்னேன். அதற்கே தலையில் கை வைத்தார். பிறகு, முனியாண்டி கோவில் வரைக்கும் போகலாம், அதைத் தாண்டி வாய்க்கால் பக்கம் போகாதே, பாலம் உடைந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். இந்த இடங்கள் எல்லாம் தனியார் நிலம். கேட்காமல் நுழையக் கூடாது, வேண்டாம் என்றால் திரும்பிவிட வேண்டும். என்னை இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் வெட்டு இருக்காது, குலை ஏற்றும் லோரியும் வராது.

இங்கே இரண்டு எதிரிகள். முதலாவது முள். வெட்டிப்போட்ட மட்டையின் அடிப்பகுதி ரம்பம் மாதிரி இருக்கும். டியூப்லெஸ் தேவையில்லை, சாதா டியூப் போதும் என்று கடையில் சொன்னதைக் கேட்டு வந்து, ஒரே காலையில் மூன்று பஞ்சர் பார்த்தேன். மூன்றாவதுக்கு ஒட்டும் துண்டு தீர்ந்து, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டுக்கு வந்தேன். ஜாகா ஒன்றும் கேட்கவில்லை, மைலோ கலக்கிக் கொடுத்தார். இரண்டாவது மழை. செம்மண்ணுக்கு அடியில் இருப்பது கடலோரக் களிமண். நல்ல மழைக்கு மறுநாள் போனால் சேறு அப்பி, பத்து மீட்டரில் சக்கரம் சுற்றுவதை நிறுத்திவிடும். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நான் அந்தப் பக்கம் போவதில்லை. ஜனவரி, பிப்ரவரிதான் சரியான காலம், புழுதியைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கும் ஒரு நாள் வாடகை சைக்கிள் எடுப்பவர்களுக்கும் பாலிக் புலாவ்தான். சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள், மலை ஏற வேண்டாம். கார் இல்லாதவர்களுக்கு ஃபெரி இருப்பதால் சுங்கை மூடா, பட்டர்வொர்த்திலிருந்து பெனாகா வரை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தார்ரோட்டைப் பொறுத்துக்கொண்டால். எனக்கு யாராவது ஒரு ஞாயிறு காலையைக் கொடுத்து, முந்தின மூன்று நாள் மழை இல்லை என்றும் சொன்னால், வேன்கார நண்பருக்குத்தான் முதல் போன். பையில் டியூப் இரண்டு, ஒட்டும் துண்டு ஒரு டஜன், ஜாகாவுக்கு ஒரு பாக்கெட் முறுக்கு.